திண்டுக்கல்லுக்கு ஒரு தேநீர் மத்து

மதுரை விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்து பார்த்த அதிகாரி, உள்ளிருந்த சின்னப் பெட்டியைப் பிரித்துப் பொருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சவரம் பண்ற பிரஷ்ஷாம்மா?"

"இல்லைங்க, டீ கலக்குறது."

"டீ கலக்க இதெதுக்கு? கரண்டி இல்லையா அங்க?" என்றவர், பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேருமாகத் தடவிப் பார்த்தார்கள். "மெதுவா, மெதுவா" என்று நான் பதறியதைப் பார்த்து, விலை உயர்ந்த சாமான் போலிருக்கிறது என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் துணிப்பெட்டி முழுவதையும் கொட்டிப் பார்த்து, கடைசியில் என் கணவர் தன் அக்காவுக்காக வாங்கிய மூட்டுவலிப் பிளாஸ்திரிகளை முகர்ந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அதற்கு ஜப்பானில் சாசென் என்று பெயர். மாட்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடியைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, நுரை வர அடிக்கிற மூங்கில் மத்து. ஒரு சாண் கூட இருக்காது. ஒரே மூங்கில் துண்டு. பாதி கைப்பிடி, மீதிப் பாதியை எண்பது இழையாகச் சீவி, வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம் என்று பிரித்து, நடுவில் கறுப்பு நூல் கட்டியிருப்பார்கள். ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது.

நான் கும்பகோணத்துக்காரி. கணவரின் வேலைக்காக நாரா போய்ப் பதினாலு வருடமாகிறது. அங்கே நகர அலுவலகத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் படிவம் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அப்படிப் படிவம் நிரப்ப வந்தவள்தான் ஜெனி. திண்டுக்கல் பெண். ஒசாகாவில் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் இஞ்சினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, நாராவுக்கு மேலே மலையில் மத்து செய்கிற ஒரு குடும்பத்தின் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். முதலில் வேடிக்கை பார்க்க, பிறகு கற்றுக்கொள்ள. இரண்டு வருடம் கழித்து, கம்பெனி வேலையை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் அப்பா அன்றோடு பேச்சை நிறுத்தினார். "மூங்கில் சீவவா உன்னைய இஞ்சினியரிங் படிக்க வச்சேன்?" என்பதுதான் கடைசியாகச் சொன்னது. நாலு மாதமாகிறது.

நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றதும் பெட்டியோடு வந்தாள். அவள் தனியாக, யார் கையும் படாமல், செய்து முடித்த முதல் மத்து. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தாராம். அவர் அப்படி வைத்தால் தேறிவிட்டது என்று அர்த்தமாம்.

"அக்கா, எங்க வீட்ல நாலு நாள் தங்குங்க. அப்பாவுக்கு இதுல ஒரு கிண்ணம் போட்டுக் குடுங்க. குடிச்சு முடிச்சப்புறம் சொல்லுங்க, இது நான் செஞ்சதுன்னு. முன்னாடியே சொன்னா தொடக்கூட மாட்டாரு."

இப்போது யோசித்தால் மடத்தனமான திட்டம். அப்போது எனக்கு அழகாகத் தெரிந்தது. அவள் பேசப் பேச நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அடிப்பதற்கு முன் செத்த நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும், காய்ந்த இழை உடையும். முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். சோப்பு கூடாது, நார் கூடாது, வெயில் கூடாது. கூடவே வருகிற பீங்கான் குமிழ் மேல் கவிழ்த்து நிழலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பூசணம். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டக் கூட இவ்வளவு சட்டம் கிடையாது.

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. நாராவில் பஸ் ஒரு நிமிடம் தாமதித்தால் ஓட்டுநர் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார். இங்கே கொடைரோடு பக்கத்தில் பஸ் நின்றது. பழுதோ என்று எட்டிப் பார்த்தால், ஓட்டுநர் கீழே இறங்கித் திராட்சைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒருவரும் கோபப்படவில்லை. இரண்டு பேர் இறங்கி அவரோடு சேர்ந்து பேரம் பேசினார்கள். எனக்கும் ஒரு கொத்து வந்தது. பல வாரம் கழித்து நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

ஜெனியின் வீடு நாகல் நகர் பக்கம். முன்னால் கடை, பின்னால் வீடு. கடை என்றால் மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன தோட்டத்து மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, புதுத் தாமிரக் கம்பி சுற்றிக் கொடுக்கிறார் அவள் அப்பா ஆரோக்கியம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, நெட்டை, சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர்.

"வாங்க தங்கச்சி. பயணமெல்லாம் சொகந்தானே? ஸ்டெல்லா, யாரு வந்திருக்காகன்னு பாரு."

ஜெனியின் அம்மா ஸ்டெல்லா அண்ணி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே சாப்பிட உட்கார வைத்தார். சீரகச் சம்பா சோறு, குடல் குழம்பு, வெஞ்சனத்துக்கு முட்டையும் அவரைக்காயும். நான் சாப்பிட, எதிரில் உட்கார்ந்து ஆரோக்கியம் அண்ணன் கேள்வி கேட்டார். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் நூறு வோல்ட்டாமே, உண்மையா? அவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு அரைக்கிறது எப்படி? நிலநடுக்கம் வந்தால் லைன் தானாக நின்றுவிடுமா? கிணற்று மோட்டார் உண்டா? எல்லாம் கேட்டார். மகளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு அண்ணியின் போன் அடித்தது. ஜெனியின் வீடியோ அழைப்பு. அண்ணன் எழுந்து கடைக்குப் போனார். அடுத்த நிமிடம் கடையில் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. பேச்சு முடிகிற வரை ஓடியது, முடிந்ததும் நின்றது.

"தெனமும் இப்பிடித்தான் மதினி," என்றார் அண்ணி. "கரண்ட் பில்தான் ஏறுது. கோயில்ல யாராச்சும் கேட்டா இன்னும் கம்பெனியிலதான் இருக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. நீங்களும் அப்பிடியே சொல்லிருங்க. வெளிய தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு."

சொன்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் எடுக்கப் போனார். எப்படியாவது நாளைக்கே தேநீரைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்து, ஒத்திகைக்காக அடுக்களையில் ஒரு கிண்ணம் அடித்துப் பார்த்தேன். நுரை வரவில்லை. மேலே ஏதோ சாம்பல் ஆடை மாதிரி மிதந்தது. வாயில் வைத்தால் உப்பு. போர்த் தண்ணீர்.

"நல்ல தண்ணி நாளைக்குக் காலைலதான் வரும் மதினி. அதை ஏன் இதுல ஊத்துனீக? இதுல பருப்பே வேகாது," என்றபடி, அண்ணி கிண்ணத்தோடு மத்தையும் எடுத்துக்கொண்டு போய் நாரில் சோப்பைத் தொட்டார்.

"அண்ணி!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஓடிப்போய்க் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆத்தி, நான் என்ன, தின்னுப்புடவா போறேன்?" என்றார் சின்னக் குரலில். விருந்துக்கு வந்த இடத்தில், சோறு போட்ட கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன், ஜப்பானிய வழக்கப்படி குனிந்துகூடக் கேட்டேன். குனிந்ததைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்ல தண்ணீர் வந்தது. தெருவே குடத்தோடு ஓடியது. நானும் இரண்டு குடம் பிடித்தேன். கொதிக்கவைத்து பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு அண்ணனைத் தேடினால், அவர் சின்ன லாரியில் ஒரு மோட்டாரை ஏற்றிக்கொண்டிருந்தார். பழனிக்குப் பக்கம் நெய்க்காரப்பட்டியில் ஒரு தோட்டத்தில் மாட்டவேண்டுமாம். "நானும் வரவா அண்ணே? ஊர் பார்த்த மாதிரி இருக்கும்" என்றேன். தோட்டத்து மரநிழலில் கிண்ணம் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. முன் சீட்டில் ஓட்டுநர், அண்ணன், நான். என் மடியில் மத்துப் பெட்டி, காலடியில் பிளாஸ்க்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் டயர் போனது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றில்லை. ஓட்டுநர் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு முருங்கைக்காய் வண்டியில் தொற்றிக்கொண்டு போனார். நாங்கள் ரோட்டோரத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். நாராவில் ரயில் நின்றுபோனால் ஆயிரம் பேர் போனைப் பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்பார்கள். இங்கே ஐந்து நிமிடத்தில் டீ மாஸ்டருக்கு என் மாமியார் ஊர் வரை தெரிந்துவிட்டது.

"பெட்டிக்குள்ள என்னங்க அம்மிணி? மடியை விட்டு எறக்கவே மாட்டீங்கறீங்களே" என்றார் மாஸ்டர். அங்கேயே பேச்சு கொங்குப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

திறந்து காட்டினேன். டீயில் நுரை வரவைக்கிற சாமான் என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நுரைக்கா? ஏனுங்க, இதுக்கு இத்தனை பாடா?" என்று, டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி ஒரே இழுப்பில் ஆற்றிக் காட்டினார். மூன்று விரல் நுரை நின்றது. கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அண்ணன் சிரிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "செத்த குடுங்க தங்கச்சி" என்று வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மெல்லச் சுற்றினார். டீ ஆறியது. அவர் இழைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வெளிச்சுத்து ஒண்ணு, உள்சுத்து ஒண்ணு. நம்ம காயில் மாதிரியேதான். ஒண்ணோட ஒண்ணு தொடல பாருங்க. நுனியில எப்பிடி இழைச்சிருக்கான்! பேப்பர் கனம்கூட இல்ல. இம்புட்டுக்கும் ஒரே துண்டு." பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "செஞ்ச கை சாமானியக் கை இல்ல" என்றார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கு நுனி வரை வந்தது. குடித்து முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. பதினாலு வருடம் ஜப்பானில் இருந்தால் உத்தரவை மீறுகிற பழக்கம் போய்விடுகிறது. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

"எம்புட்டு நாளைக்கு வரும்?" என்று கேட்டார்.

"தினமும் அடிச்சா ஆறேழு மாசம் அண்ணே. தண்ணி பட்டுப் பட்டு நுனி ஒடிய ஆரம்பிச்சிடும். தேய்ஞ்சுபோனதையெல்லாம் சேர்த்துக் கோயில்ல நன்றி சொல்லி எரிச்சிடுவாங்க."

"எரிச்சிருவாங்களா?" அவர் குரல் ஏறியது. "இந்த வேலையையா? தண்ணி பட்டுக் கெடுதுன்னா அதுக்கு ஒரு வழி பண்ண மாட்டாங்களா? என்ன ஊருங்க அது!" மீதி வழியெல்லாம் அவர் முகம் தெளியவே இல்லை.

அன்றைக்கும் தேநீர் நடக்கவில்லை. டயர் மாற்றிய ஓட்டுநர், என் பிளாஸ்க்கைத் திறந்து, "நல்லா வெதுவெதுன்னு இருக்குங்க" என்று அந்தத் தண்ணீரிலேயே கிரீஸ் கையைக் கழுவிவிட்டார். நெய்க்காரப்பட்டித் தோட்டத்தில் இளநீர் கிடைத்தது, கம்மஞ்சோறு கிடைத்தது, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க கண்ணு" என்று தட்டை நிரப்பும் தோட்டக்காரம்மா கிடைத்தார். நல்ல தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. அங்கேயும் போர்த் தண்ணீர்தான். மோட்டார் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் விழுந்தபோது அண்ணன் கையை நீட்டி நனைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சனிக்கிழமை அண்ணி என்னைச் சின்னாளபட்டிக்குக் கூட்டிப்போனார். ஜெனியின் முதலாளியம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை வாங்கவேண்டும். கிளம்பும்போது மத்தைப் பீங்கான் குமிழில் கவிழ்த்து அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டு, "தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன் அண்ணே. மத்தியானம் வந்து டீ போட்டுத் தர்றேன், எங்கயும் போயிடாதீங்க" என்றேன். "எங்க போறேன், இங்கனதான் இருப்பேன்" என்றார்.

காந்திகிராமம் வழியாகப் போகிற பஸ்ஸில் அண்ணி எனக்கு மல்லிகைப் பூ வைத்துவிட்டார். சேலைக் கடையில் இருபது சேலை பிரித்தோம். முதலாளியம்மா சேலை கட்ட மாட்டார், மேசை மேல்தான் விரிப்பார் என்று நான் சொன்னதும் அண்ணிக்கு வருத்தம். "அப்ப பார்டர் பெருசா எடுப்போம், மேசைக்கு எடுப்பா இருக்கும்" என்று உடனே தேறிக்கொண்டார். திரும்பும்போது பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, மணி இரண்டுக்கு வீட்டுக்குள் நுழைந்தோம்.

ஜன்னலில் குமிழ் மட்டும் இருந்தது.

"வாங்க தங்கச்சி, இங்க வாங்க" என்று கடையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். போனேன். மேசைக்கு மேலே ஒரு இருநூறு வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே, தாமிரக் கம்பியில் தலைகீழாகத் தொங்கியது ஜெனியின் மத்து. தேனில் முக்கி எடுத்த மாதிரி பளபளவென்று மின்னியது. கடை முழுவதும் வார்னிஷ் வாசனை.

"காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ்தான். தண்ணி அண்டாது. பத்து வருசத்துக்கு அசையாது பாருங்க. எதுக்கு எரிக்கிறது?" என்றார். "கம்பிக ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்னு, ஊசியை வச்சு எம்பதையும் ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டேன். காலைல நீங்க போன நேரத்துக்கு உக்காந்தவன், இப்பத்தான் எந்திரிச்சேன்."

காயில் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் செய்யக்கூடியதுதான். சுற்றி முடித்த எந்தச் சாமானையும் அவர்கள் வார்னிஷில் முக்காமல் வெளியே விடுவதில்லை. முக்காமல் விட்டால்தான் பாவம். ஆனால் அது தோட்டத்து மோட்டார் இல்லையே. அதை வெந்நீரில் போட்டு அடித்து அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டும். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"என்ன அண்ணே பண்ணிட்டீங்க! இனிமே இதுல யாரும் டீ குடிக்க முடியாது. விஷம் அண்ணே இது."

அவர் முகம் சுருங்கியது. "தெரியாமப் பண்ணிட்டேன் தங்கச்சி. என்ன விலைன்னு சொல்லுங்க, வேற ஒண்ணு..."

"வேற வாங்க முடியாது. இது ஜெனி செஞ்சது. அவ தனியாச் செஞ்ச முதல் மத்து. உங்களுக்குத்தான் குடுத்தனுப்பினா."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாசலில் அண்ணி பிரியாணிப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். அண்ணன் பல்பை அணைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். தொங்கிய மத்தைத் தொடப் போனவர், ஈரம் காயவில்லை என்று கையை இழுத்துக்கொண்டார். கெட்டுப்போன பொருள் மேலே கூட ரேகை விழக்கூடாது என்று அந்தக் கை நினைத்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு வலித்தது. தப்பு அவருடையது மட்டுமா? நேற்று டீக்கடையிலேயே நான் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அந்தப் பிள்ளையா இதைச் செஞ்சுச்சு?" என்றார்.

"ஆமா அண்ணே."

"எம்பதும் அவ சீவுனதா?"

"ஒவ்வொண்ணும்."

பிரியாணி ஆறிப்போனது. யாரும் தொடவில்லை. அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். "ஸ்டெல்லா, போனைக் கொண்டா" என்றார். அண்ணி கொடுக்க, "இதுல எப்பிடிப் போடுறது அவளுக்கு?" என்று கேட்டார். நாலு மாதமாக அந்த அழைப்பு வரும்போதெல்லாம் ஓடிப்போனவருக்கு, அதை எங்கே அழுத்தவேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அண்ணி அழுத்திக் கொடுத்தார்.

திரையில் ஜெனி வந்தாள். பின்னால் மூங்கில் கட்டுகள். அப்பா முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்கு என்னப்பா?" என்றாள் பயந்துபோய்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் சாமானை வார்னிஷ்ல முக்கிப்புட்டேன் ஜெனி. உன்னோடதுன்னு தெரியாது. தெரிஞ்சா முக்கிருக்க மாட்டேன்னும் சொல்ல முடியாது. கெட்டுப்போயிரக் கூடாதேன்னுதான் முக்குனேன்."

ஜெனி திரைக்குக் கிட்டே வந்தாள்.

"எத்தனை முக்குப்பா?" என்றாள் ஜெனி.

"ஒரு முக்குதான்."

"கம்பி ஒட்டிக்கலையா?"

"ஊசி வச்சுப் பிரிச்சேன்."

"எம்பதையுமா?"

"எம்பதையும்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட நாட்களில் லீவு விட்டால் இந்தக் கடையில்தான் இருப்பாள், காயிலுக்கு நூல் கட்டுவாள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எண்பது கம்பியை ஊசியால் பிரிப்பது என்ன வேலை என்று அவளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

"அழுகாத. கையைக் காட்டு" என்றார் அவர்.

"என்னப்பா?"

"கையை. மூங்கில் அறுக்கும்ல. காட்டு."

அவள் இரண்டு உள்ளங்கையையும் திரைக்கு முன்னால் விரித்தாள். கட்டைவிரலில் பிளாஸ்திரி, ஆள்காட்டி விரல் ஓரத்தில் பழைய கீறல்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நேற்று மத்தைப் பார்த்தது போலவே வெகுநேரம் பார்த்தார். "வலது கைக் கட்டைவெரலுக்கு ஒறை போடு. இல்லாட்டி சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டு" என்றார். அண்ணி சுவரோடு சாய்ந்து தேம்பினார். நானும்தான்.

அன்று சாயங்காலம் ஜெனி சொல்லிக்கொடுத்தபடி மாட்சாவைச் சலித்து, ஒரு பாட்டிலில் வெந்நீரோடு போட்டுக் குலுக்கினேன். நாராவில் நான் தேநீர் போடப் படிக்கிற பள்ளியில் இது தெரிந்தால் என் பெயரை அடித்துவிடுவார்கள். சுமாராக நுரை வந்தது. அவள் போனில் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"நல்லாருக்காப்பா?"

"முருங்கக்கீரை அவிச்ச தண்ணி மாதிரி இருக்கு. நல்லால்ல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்குக் கடையில் மோட்டார் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு விட்டுவிடுவதாக ஏற்பாடு. பூசை முடிந்து வேப்பமரத்தடியில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நான் துணிப்பெட்டியோடு நிற்பதைப் பார்த்து, அண்ணனின் பழைய கூட்டாளி ஒருவர் வந்தார். நூல் மில்லில் சூப்பர்வைசராம். நல்ல வெள்ளைச் சட்டை, பெரிய குரல்.

"என்னப்பா ஆரோக்கியம், ஜப்பான்ல இருந்து விருந்தாளியாமே? மக எப்பிடி இருக்கு? அந்தக் கம்பெனியிலதானே?"

அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. நான் தரையைப் பார்த்தேன். நாலு மாதமாக எல்லோருக்கும் சொன்ன பதில் ஒன்று தயாராக இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். நானும் பஸ் ஏறிவிடுவேன்.

"இல்ல. அதை விட்டு நாலு மாசமாச்சு" என்றார் அண்ணன். குரலைத் தாழ்த்தவில்லை. "மூங்கில் வேலை பாக்குது. அந்த ஊரு டீக்கு ஒரு மத்து உண்டு, அதைச் செய்யுது. ஒரே துண்டுல எம்பது கம்பி சீவணும். நானும் முப்பது வருசமாக் கம்பி சுத்துறேன், எனக்கு வராது அந்த வேலை."

நின்றவர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டாளிக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைச் சொறிந்தார்.

"மூங்கில் வேலையா? அதுக்கு என்னப்பா சம்பளம் தருவாங்க?"

"கேக்கல" என்றார் ஆரோக்கியம் அண்ணன், என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே. "கை எப்பிடி இருக்குன்னுதான் கேட்டேன்."